ஹெஸ்டரின் கல்யாணமும் பதினோரு மண்டபங்களும்

ஹெஸ்டர் ட்ரெஞ்சின் கல்யாணப் பத்திரிகை வந்த காலையில் என் மாமியார் கேட்ட முதல் கேள்வி, "அன்னைக்கு மழை வருமா?" என்பதுதான்.

அயர்லாந்தின் மேற்கே, மேயோ மாவட்டத்துப் பாலிகோரனில் அன்று எல்லா வீட்டிலும் அதைத்தான் கேட்டிருப்பார்கள். புராட்டஸ்டன்ட் வீட்டுக் கல்யாணம் என்றால் கத்தோலிக்கர்களான நாங்கள் அவர்களுடைய கோயில் மதிலுக்கு வெளியே, சாலையில் நிற்போம். உள்ளே வழிபாடு முடிந்து மணமக்கள் வந்ததும் அரிசி தூவி, கை குலுக்கி, எல்லோரும் ஒன்றாக ஹோட்டலுக்குப் போய் விருந்து சாப்பிடுவோம். சாவு என்றாலும் அதே மதில்தான். அதில் யாருக்கும் யார் மேலும் வருத்தம் கிடையாது. அவர்கள் வாசலைத் தாண்டுவது எங்களுக்குப் பாவம். சனிக்கிழமை சாமியாரிடம் சொல்லிக் கழுவிக்கொள்ளும் பாவமும் இல்லை. பிஷப் ஒருவர்தான் அதை மன்னிக்க முடியும். ஒரு கல்யாணம் பார்ப்பதற்காக யார் பிஷப் வரை போவார்கள்? குடையோடு முடித்துக்கொண்டோம்.

"ஜூன் மாசம்தானே அத்தை, வராது" என்றேன்.

"மேயோவுல ஜூன் மாசம் வரக்கூடாதுன்னு மழைகிட்ட யாரு சொல்லிவச்சிருக்கா?"

என் கணவன் ஜார்லத் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஹெஸ்டர் தன் கைப்படவே எழுதியிருந்தாள். ஜூன் இருபது, புதன்கிழமை, பகல் ஒரு மணிக்கு ஸ்டேஷன் ஹோட்டலில் விருந்து. மாப்பிள்ளை எட்கர் போல்டன், கம்பளி வியாபாரி, மனைவியை இழந்தவர்.

"கோயில்ல எத்தனை மணிக்குன்னு போடலயே" என்றான் ஜார்லத்.

"நமக்கு எதுக்குடா அது?" என்றார் மாமியார்.

"மதிலோரம் நிக்கிறவனுக்கும் நேரம் தெரிய வேணாமா?"

எனக்குப் புரிந்தது. எங்களுக்குச் சங்கடம் வேண்டாம் என்றுதான் ஹெஸ்டர் அந்த வரியை விட்டிருக்கிறாள். மற்றவர்களின் சங்கடத்தை முன்கூட்டியே மோப்பம் பிடித்து ஒதுங்கிக்கொள்வது அவளுக்குப் பழக்கம். அந்தப் பழக்கம்தான் பல வருஷங்களாக எனக்கு எரிச்சலாகவும் இருந்தது.

ஜார்லத் ஹெஷன் என்ற பெயர் அப்போது அயர்லாந்தில் ரேடியோ இருக்கும் வீடுகளிலெல்லாம் தெரியும். கிராமஃபோன் தட்டுகளின் உறையில் அவன் படத்துக்குக் கீழே 'மேற்கின் டெனர்' என்று போட்டிருப்பார்கள். ஆண் குரலில் அவ்வளவு உயரம் ஏறியும் கீச்சிடாத குரல் அது. ஆனால் இருபத்திரண்டு வயதில் அவன் பால் பண்ணையில், குடியானவர்கள் கொண்டுவரும் பாலை நிறுத்து எழுதிக்கொண்டிருந்தவன். கை ஓய்ந்த நேரத்தில் காலிக் கேனுக்குள் தலையை விட்டுப் பாடிப் பார்ப்பான். குரல் இரண்டு மடங்காகத் திரும்பி வருமாம். ஒரு நாள் தன் வீட்டுப் பாலைக் கொண்டுவந்த ஹெஸ்டர் அதைக் கேட்டுவிட்டு, "இதுக்குள்ள பாடினா மாடு மட்டும்தான் கேக்கும்" என்றாள். அவள் அப்போது பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷமே இருவரும் டப்ளின் இசைப் போட்டிக்கு ரயிலேறினார்கள். தங்கப் பதக்கம் வாங்கிவந்தான்.

ஜார்லத்துக்கு ஒரு குறை உண்டு. உச்ச ஸ்வரத்துக்கு முன்னால் அவன் மூச்சு எடுக்கும் நேரம் பாட்டு கொடுக்கும் நேரத்தைவிடக் கொஞ்சம் நீளம். வேறு யார் பியானோவில் உட்கார்ந்தாலும் அவர்கள் முன்னே ஓடிவிடுவார்கள், இவன் பின்னால் ஓட வேண்டும். ஹெஸ்டர் காத்திருப்பாள். அவள் காத்திருப்பது சபையில் ஒருவருக்கும் தெரியாது. அந்த இடைவெளியைத்தான் ஜனங்கள் உருக்கம் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பாஸ்டனில் போலீஸ்காரர்கள் அழுததாகப் பத்திரிகையில் வந்தது.

பாட்டுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி. மகன் கப்பலேறுவான், அம்மா வாசலில் நிற்பாள், அவன் திரும்பி வருவதற்குள் செத்துப்போயிருப்பாள். என் மாமியார் வின்னி ஹெஷன் எழுபத்தோரு வயதிலும் தினம் இரண்டு மைல் நடப்பவர். "வாரா வாரம் என்னைச் சாகடிக்கிறான், அதுக்குக் கைதட்டு வேற" என்பார்.

தட்டுகள் பெயரைத் தந்தன. சோறு போட்டவை மண்டபங்கள். எங்கள் பக்கம் கச்சேரி நடத்தத் தகுந்த மண்டபம் எது என்று பார்த்தால், அது அந்த ஊர்ப் பங்குச் சாமியாருடையதாகத்தான் இருக்கும். கூரைக்கு, மணிக்கு, பள்ளிக்கூடத்துக்கு நிதி என்று கச்சேரி வைப்பார்கள். செப்டம்பர் முதல் கிறிஸ்துமஸுக்கு முன்பு வரை அநேகமாக ஞாயிறுதோறும் ஒரு மண்டபம். அந்த ஐம்பத்தாறாம் வருஷம் பதினோரு மண்டபங்கள் பேசியாகியிருந்தன. அதற்கும் முன்னால் ஆகஸ்டில் எங்கள் புதுக் கோயில் திறப்பு விழா. பிஷப் முன்னிலையில் ஜார்லத் பாடுவதை ரேடியோவில் நேரடியாகப் போடப்போகிறார்கள்.

அடுத்த வியாழக்கிழமை ஹெஸ்டர் வழக்கம்போல ஒத்திகைக்கு வந்தாள். நான் அடுப்படியில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. எப்போதும் அதைத் திறந்தே வைப்பேன். ஏன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் கணவனின் மூச்சு எங்கே நிற்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்த ஒரு பெண், வாரம் இரண்டு நாள் என் முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். தப்பாக ஒன்றும் இல்லை என்று தெரியும். தெரிந்தும் கதவைச் சாத்தியதில்லை. அவள் என்னை 'மிஸஸ் ஹெஷன்' என்பாள், நான் அவளை 'மிஸ் ட்ரெஞ்ச்' என்பேன். பத்தொன்பது வருஷம்.

"கோயில்ல யாரு வாசிக்கிறா?" என்று ஜார்லத் கேட்டான்.

ஹெஸ்டர் சிரித்தாள். "அதான் வேடிக்கை. எங்க கோயில்ல ஆர்கன் வாசிக்கிறதே நான்தான். கல்யாணப் பொண்ணு எழுந்துபோய் வாசிச்சுட்டு வர முடியுமா? போதகரோட அக்கா பொண்ணு ரெண்டு பாட்டு கத்துக்கிட்டு வர்றேன்னிருக்கா. ரெண்டுல ஒண்ணு வந்தாலே போதும்."

"பாடுறது?"

"எங்க பாடகர் குழுவுல நாலு பேர். ஒருத்தருக்குக் காது கேக்காது. மத்த மூணு பேரும் அவரைப் பாத்துத்தான் பாடுவாங்க."

"நான் பாடுறேன்."

பியானோ நின்றது. என் கையும் மாவில் நின்றது.

"உளறாத" என்றாள் ஹெஸ்டர். குரலில் சிரிப்பு போய்விட்டிருந்தது. "நான் உன்னைக் கூப்பிடல. கூப்பிடவும் மாட்டேன். வெஸ்ட்போர்ட், பாலினா, காஸில்பார்... எல்லாமே சாமியார் மண்டபம். ஒருத்தர் விடாம கதவைச் சாத்துவாங்க. உனக்கு மூணு பிள்ளைங்க."

"உனக்குப் பாடாம நான் வேற யாருக்குப் பாடினேன்னு சொல்றது?"

"ஹோட்டல்ல பாடு. சாப்பிட்டு முடிச்சதும் பாடு. இப்ப மூணாவது வரியில இருந்து ஆரம்பி."

அவன் மூன்றாவது வரியிலிருந்து ஆரம்பித்தான். ஆனால் ஒத்திகை முழுவதும் அவன் மனம் அதில் இல்லை என்பது மாவு பிசைகிற எனக்கே தெரிந்தது.

இந்தப் பேச்சு எப்படியோ எங்கள் பங்குச் சாமியார் கேனன் கெரின் காதுக்குப் போனது. ஞாயிறு சாயங்காலம் சைக்கிளில் வந்து இறங்கினார். கெட்டவர் இல்லை. மூன்று பங்குகளைக் கட்டியெழுப்பியவர், நோயாளி வீட்டுக்குப் பனியிலும் போகிறவர். டீயை வாங்கிக்கொண்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"ஆகஸ்ட் பதினஞ்சு, ஜார்லத். பிஷப் வர்றார், ரேடியோக்காரங்க வர்றாங்க. நீ பாடுற."

"பாடுறேன் கேனன்."

"அதுக்கு முன்னாடி ஒரு கல்யாணம் இருக்கு."

"இருக்கு."

"நான்கூட ஒரு நல்ல டீ பாத்திரம் அனுப்பியிருக்கேன். மதிலோரம் ஊரே வரும். நீ முன்னாடி நில்லு, பாக்க நல்லா இருக்கும்."

"நம்ம மண்டபத்துக் கூரைக்கு நிதி சேந்தப்போ பியானோ வாசிச்சது யாரு கேனன்?"

"மிஸ் ட்ரெஞ்ச். அவளுக்காக நான் தினமும் ஜெபிக்கிறேன்."

"அவ நம்ம கூரைக்குக் கீழ உக்காந்து வாசிச்சா. அவ கூரைக்குக் கீழ நாம போகக் கூடாது."

"சட்டம் நான் போட்டதில்லப்பா."

"கடவுள் போட்டாரா?"

கேனன் கோப்பையைக் கீழே வைத்தார். "டீ ஆறிப்போச்சு ஈதா" என்றார் என்னிடம். வாசல் வரை போய்த் திரும்பி, "பதினோரு ஊர்ச் சாமியாருக்கும் என்னைத் தெரியும், ஜார்லத். அதை மிரட்டலா எடுத்துக்காத" என்றார்.

"வேற எப்படி எடுத்துக்கிறது?" என்றான் ஜார்லத். அவர் சைக்கிளில் ஏறினார்.

அன்று நாங்கள் சண்டை போட்டோம். நான்தான் ஆரம்பித்தேன். மண்டபம் போனால் வீட்டில் எது நிற்கும், பெரியவள் கன்னியர் பள்ளியில் படிக்கிறாள், அவளை நாளை எப்படிப் பார்ப்பார்கள் என்றெல்லாம் கேட்டேன். கடைசியில் கேட்க நினைக்காததையும் கேட்டுவிட்டேன். "அவளுக்காக எல்லாத்தையும் விடுவ. எனக்காக எதை விடுவ?"

"உனக்காக யாராவது என்னை மதிலுக்கு வெளிய நிக்கச் சொன்னா, அப்ப பாரு" என்றான்.

அது எனக்கு அப்போது போதவில்லை. மதிலோரமே நிற்க வேண்டும் என்று அழுது கேட்டு, கடைசியில் சத்தியம் வாங்கினேன். அவன் கொடுத்தான்.

ஜூன் இருபது காலை தூறல். மதிலோரம் ஐம்பது அறுபது பேர் சேர்ந்துவிட்டோம். சைக்கிள் பழுதுபார்க்கும் பாக்கி நூன் தன் ஒரே கோட்டோடு வந்திருந்தான். மாமியார் அரிசிப் பொட்டலத்தைக் கோட்டுக்குள் வைத்து நனையாமல் காத்துக்கொண்டிருந்தார். கார் வந்து நின்றது. ஹெஸ்டர் தன் அண்ணன் கையைப் பிடித்து இறங்கினாள். நாற்பத்தைந்து வயதுப் பெண், சாம்பல் நீலத்தில் உடை, தலையில் சின்னத் தொப்பி. அழகாக இருந்தாள், அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத்தான் பாவம்.

நேரே கோயிலுக்குள் போக வேண்டியவள் எங்கள் பக்கம் வந்தாள். "ஏன் இப்படி நனையறீங்க? ஹோட்டல்ல அடுப்பு மூட்டச் சொல்லியிருக்கேன். போய்ச் சூடா ஏதாவது குடிங்க. நாங்க வர முக்கால் மணி நேரம் ஆகும்" என்றாள்.

"உன்னைப் பாத்துட்டுப் போறோம் மிஸ்" என்றான் பாக்கி.

"பாத்துட்டீங்கல்ல. போங்க, சளி பிடிக்கப் போகுது." ஜார்லத்தைப் பார்த்து, "முக்கியமா நீ. தொண்டை" என்றாள். பிறகு அண்ணனோடு உள்ளே போனாள்.

கதவு சாத்தவில்லை. ஆர்கன் ஆரம்பித்தது. போதகரின் அக்கா மகள் இரண்டு வரி போனாள், தவறினாள், மறுபடி முதலிலிருந்து வந்தாள், அதே இடத்தில் தவறினாள். மதிலோரம் யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோருக்கும் அந்தப் பாட்டின் அடுத்த ஸ்வரம் தெரியும். எத்தனை வருஷம் அதே மதிலில் சாய்ந்து கேட்டிருக்கிறோம்.

ஜார்லத் தன் தொப்பியைக் கழற்றினான். "ஈதா, நீ வாங்கின சத்தியத்தைத் திருப்பிக் குடு" என்றான்.

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். இல்லை என்று சொல்லியிருந்தால் நின்றிருப்பான். அது எனக்குத் தெரியும். நின்றுவிட்டு, அந்த ஆகஸ்டில் பிஷப் முன்னால் பாடியிருப்பான். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க அவன் குரல் என் காதில் எப்படிக் கேட்கும் என்று நினைத்தேன். ஹெஸ்டர் மேல் எனக்கிருந்த பொறாமை அதற்கு முன்னால் ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது.

தொப்பிக்காகக் கையை நீட்டினேன்.

அவன் நடந்தான். கல் பதித்த பாதையில் அவன் பூட்ஸ் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. "ஏய், ஜார்லத்" என்றான் பாக்கி, மெதுவாக. அவ்வளவுதான். ஐந்தாறு நிமிஷம் கழித்து நானும் நடந்தேன். தொப்பியைக் கொடுக்கப் போனேன் என்று பிறகு கேனனிடம் சொன்னேன். அது பொய். இனி அதைச் சொல்லப்போவதில்லை.

நான் வாசலைத் தாண்டியபோது ஜார்லத் ஆர்கன் பக்கத்தில் நின்றிருந்தான். அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டு, "நீ சும்மா இரும்மா" என்று சொல்லிவிட்டிருந்தான். வாத்தியம் இல்லாமல் பைபிளில் உள்ள ஒரு சங்கீதத்தைப் பாடினான். எங்கள் கோயிலிலும் உண்டு, அவர்கள் கோயிலிலும் உண்டு. கடைசிக்கு முந்தைய வரியில் அவனுக்கு மூச்சு எடுக்க வேண்டிய இடம் வந்தது. பலிபீடத்துக்கு முன்னால் எட்கரின் கையைப் பிடித்து நின்றிருந்த ஹெஸ்டர் திரும்பவில்லை. அவள் தலை மட்டும் கொஞ்சம் உயர்ந்து நின்றது, இறங்கியது. அவன் அந்த இறக்கத்தில் ஏறினான். அவ்வளவு நெருக்கமான காரியத்தை ஒரு மனைவி பார்த்தால் என்ன ஆகும் என்று பயந்துகொண்டிருந்தவள் நான். ஒன்றும் ஆகவில்லை. நல்ல வேலை, நன்றாகச் செய்யப்பட்டது. அதைத்தான் பார்த்தேன்.

ஹோட்டலில் ஹெஸ்டர் முதலில் என்னிடம் வந்தாள். கோபமாக இருந்தாள். "நீ தடுத்திருக்கலாமே, ஈதா" என்றாள்.

"தடுத்திருக்கலாம், ஹெஸ்டர்" என்றேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதை இருவருமே அப்போதுதான் கவனித்தோம். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேக் வெட்டப் போனாள்.

அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் பெயர் வரவில்லை. 'புகழ் தலைக்கேறியவர்கள்' என்று மட்டும் வந்தது. எங்கள் பெஞ்சில் எங்களைத் தவிர யாரும் உட்காரவில்லை. கடிதங்கள் ஜூலையில் வந்தன, பதினொன்றும். 'எதிர்பாராத காரணங்களால்' என்று ஒவ்வொன்றும் ஆரம்பித்தது. ரேடியோக்காரர்கள் புதுக் கோயில் திறப்புக்கு வேறு பாடகரைப் போட்டார்கள். மாமியார் கடிதங்களை எல்லாம் படித்துவிட்டு, "பதினோரு பேருக்கும் ஒரே எதிர்பாராத காரணம். என்ன ஒத்துமை பாரு" என்றார்.

கேனன் ஒரு தடவை வந்தார். சைக்கிளை விட்டு இறங்கவில்லை. "பிஷப்கிட்டப் போய் ஒரு வார்த்தை வருத்தம்னு சொல்லிடு. அக்டோபருக்குள்ள எல்லாம் மறந்துடும். நான் பொறுப்பு."

"வருத்தமே இல்லாம வருத்தம்னு பாவசங்கீர்த்தனத்துல சொன்னா அது ரெண்டாவது பாவம், கேனன். நீங்கதான் எனக்குச் சொல்லிக்குடுத்தீங்க, ஏழு வயசுல."

"பிடிவாதத்தையும் நான்தான் சொல்லிக்குடுத்தேனா?"

"இல்ல. அது அம்மா."

உள்ளே இருந்து மாமியார், "நன்றி" என்றார்.

ஆகஸ்ட் முடிவில் எட்கர் போல்டன் வந்து, தன் கிடங்கில் இடம் இருக்கிறது என்றார். அந்த வருஷக் கம்பளி மூட்டைகளில் பாதி போய்விட்டன. பெரிய கல் கட்டடம், உயரமான கூரை, ஸ்டேஷன் சாலையில். ஹெஸ்டரின் பியானோவைக் குதிரை வண்டியில் கொண்டுவந்து போட்டார்கள். அச்சுக்கூடக்காரர் சுவரொட்டி போட மாட்டேன் என்றதால் என் பெரிய மகள் கையால் எழுதினாள்: செப்டம்பர் ஒன்பது, ஞாயிறு பகல் மூன்று மணி, போல்டன் கிடங்கில் ஜார்லத் ஹெஷன். ஒட்டியதைக் கிழித்தார்கள், மறுபடி எழுதினாள்.

அன்று காலைப் பூசையில் கேனன் தெளிவாகச் சொன்னார்: இந்தப் பங்கைச் சேர்ந்த யாரும் அந்தக் கிடங்குக்குள் கால் வைக்கக் கூடாது.

மூன்று மணிக்கு உள்ளே பதினேழு பேர். போதகர், அவர் அக்கா மகள், ஹெஸ்டரின் அண்ணன் குடும்பம், எட்கரின் உறவினர்கள், என் பிள்ளைகள். முன்வரிசையில் மாமியார், இரண்டரை மணியிலிருந்தே. "நான் செத்துச் செத்து வளத்த தொழில். என்னை எவன் வெளிய நிறுத்துறான்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

எட்கர் கதவு வழியாக எட்டிப் பார்த்து ஜார்லத்தைக் கூப்பிட்டார். நானும் போய்ப் பார்த்தேன். சாலை முழுக்க ஜனம். இருநூறு பேராவது இருப்பார்கள். சைக்கிளில் சாய்ந்தும், எதிர்ச் சுவரில் உட்கார்ந்தும், கிடங்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள்போல நின்றார்கள். கால் வைக்காதே என்றுதானே சாமியார் சொன்னார். சாலையில் நிற்காதே என்று சொல்லவில்லையே.

"நல்லதாப் போச்சு" என்றார் எட்கர். "ரெண்டு கதவையும் விரியத் திறந்து வைக்கலாம். எல்லாருக்கும் கேக்கும். தொப்பியைச் சுத்தி அனுப்பினா அவங்களும் ஏதாவது போடுவாங்க. யாருக்கும் சங்கடம் இல்ல."

அது நல்ல யோசனைதான். மூன்று பிள்ளைகளின் தாயாக எனக்கு ரொம்ப நல்ல யோசனையாகத் தெரிந்தது. ஜார்லத் கதவுக்கு வெளியே போய் நின்றான்.

"பாக்கி" என்று கூப்பிட்டான்.

பாக்கி நூன் திரும்பினான். "என்ன ஜார்லத். நல்ல வெயில்."

"என்ன பண்ற இங்க?"

"சைக்கிள் டயர்ல காத்து இல்ல."

"ஊர்ல சைக்கிள் கடை வச்சிருக்கிறவன் நீ."

யாரோ சிரித்தார்கள். பாக்கி காதைச் சொறிந்தான். "இங்கருந்தே நல்லாக் கேக்கும்பா. நாங்க பழகினவங்கதானே. நீ ஆரம்பி."

"ஆரம்பிக்க மாட்டேன்" என்றான் ஜார்லத். குரலை உயர்த்தவில்லை, அவன் குரல் உயர்த்தாமலே சாலைக் கோடி வரை போகும். "நாப்பத்தோரு வருஷம் நானும் உங்களோட மதிலோரம் நின்னவன்தான். கேக்கவும் செய்வோம், உள்ள போகலன்னும் சொல்லிக்குவோம். ரெண்டு பக்கமும் நல்ல பேரு. இனி நான் மதிலுக்குப் பாட மாட்டேன். வேணும்னா உள்ள வாங்க. வேணாம்னா வீட்டுக்குப் போங்க, டீ ஆறிடும். உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. கதவைச் சாத்தப்போறேன்."

"பிழைக்கத் தெரியாதவன்" என்றாள் ஒரு பெண்.

"தெரியாதுதான், மிஸஸ் மெல்வி. பாடத்தான் தெரியும்."

உள்ளே வந்து இரண்டு கதவையும் சாத்தினான். கல் சுவர், கம்பளி மூட்டை. எவ்வளவு உரக்கப் பாடினாலும் வெளியே கேட்காது. என்னைப் பார்த்தான். நான் பயந்துதான் இருந்தேன். ஆனாலும், "பாடு" என்றேன்.

ஹெஸ்டர் முன்னிசையை வாசித்தாள். அவன் வாயைத் திறந்தபோது கதவு கிறீச்சிட்டது. புதுக் கோயிலுக்குப் பூ வைக்கும் மிஸஸ் கில்டே, பின்னால் அவர் புருஷன். தலையைக் குனிந்துகொண்டு கடைசி வரிசைக்குப் போனார்கள். ஹெஸ்டர் நிறுத்திவிட்டு முதலிலிருந்து வாசித்தாள். இரண்டு வரி போனது. மறுபடி கதவு, பால் பண்ணையிலிருந்து நான்கு பேர். முதலிலிருந்து வாசித்தாள். மூன்றாம் தடவை, ஸ்டேஷன் மாஸ்டர் தன் சீருடைத் தொப்பியைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு. அப்புறம் ஏழெட்டுப் பேர் ஒன்றாக, யார் முதலில் வருவது என்று ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு.

"இன்னொரு தடவை நிறுத்தினா நான் வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள் ஹெஸ்டர், எல்லோருக்கும் கேட்கும்படி. "வர்றவங்க எல்லாரும் இப்பவே வந்து தொலைங்க."

வந்தார்கள். எல்லோரும் இல்லை. பாதிப்பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மிஸஸ் மெல்வி பிறகு ஆறு வருஷம் எங்களோடு பேசவில்லை. உள்ளே எழுபது எண்பது பேர் மூட்டைகள் மேல் உட்கார்ந்தோம். கதவை மறுபடி சாத்த எழுந்தேன். பாக்கி நூன் வாசற்படியில் நின்றிருந்தான், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

"இப்படி நிக்கலாம்ல ஈதா?" என்று கேட்டான். "கேனன் கேட்டா, முழுசா போகலன்னு சொல்லலாம்."

"சொல்லலாம்" என்றேன். "ஆனா கதவு உன் மேலதான் சாத்தும்."

அவன் சாலையைப் பார்த்தான். உள்ளே பார்த்தான். ஹெஸ்டர் விரல்களைப் பியானோ மேல் வைத்துக்கொண்டு, அவனையே பார்த்தபடி காத்திருந்தாள். ஜார்லத்தும் காத்திருந்தான்.

"இடி விழுந்தா நீதான் பொறுப்பு" என்று முனகிக்கொண்டே பாக்கி இன்னொரு காலையும் எடுத்து வைத்தான். நான் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.